ஆறாவது ஸ்பூன்

ஸ்பூனை வாயில் வைத்ததும் அம்மா அதைப் பல்லால் கடித்துக்கொண்டாள். மகள் மெல்ல இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. தண்ணீர் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது.

“விடும்மா. இன்னும் ஒரே ஒரு வாய்.”

அம்மா விட்டாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல எத்தனை இருக்கு இப்போ?”

“எதுல?”

“ஸ்பூன்ல.”

“அஞ்சு. ஏம்மா?”

அம்மாவின் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. சிரிக்கிறாள் என்று புரிய மகளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த வீட்டில் ஸ்பூன் என்பது ஒரு வழக்கு. கல்யாணப் பரிசாக வந்தவை ஆறு. ஆறாவது காணாமல் போய் இருபத்திரண்டு வருஷம். அப்பாவின் தீர்ப்புப்படி எடுத்தவர் சித்தப்பா. ஆதாரம் என்று எதுவும் கிடையாது. கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவர் அவர், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை சித்தப்பா கிளம்பும்போதும் அப்பா வாசலை மறித்துக்கொண்டு, “தம்பி, பையைக் காட்டிட்டுப் போ” என்பார். சித்தப்பாவும் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு சலித்தது. அதற்கும் பிறகு, அது நடக்காவிட்டால் என்னவோ போல் இருந்தது.

“அப்பா எங்க?” என்றாள் அம்மா.

“பட்டறைல. கூப்பிடவா?”

“வேணாம். கதவச் சாத்து.”

மகள் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அம்மா சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு. சில வாக்கியங்களுக்கு இரண்டு.

அப்பாவுக்குத் தகர வேலை. மரச்சாறு காய்ச்சிப் பாகு எடுக்கிறவர்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேர் உண்டோ, அத்தனை பேருக்கும் கொப்பரை அடித்துக் கொடுப்பவர் அவர்தான். கட்டில் அளவுக்கு நீளமாக, ஒரு சாண் உயரத்தில், எவர்சில்வர் தகட்டை மடித்து, உள்ளே தடுப்புகள் வைத்து, சாறு ஒரு முனையில் இறங்கி வளைந்து வளைந்து வந்து மறுமுனையில் பாகாக வெளியேறும்படி அடிப்பார். அதில் சாறு இரண்டு விரல் ஆழம்தான் நிற்கும். அதனால் கொப்பரை அடுப்பின் மேல் மட்டமாக உட்கார வேண்டும். ஒரு நூல் சாய்ந்தாலும் ஒரு மூலை வற்றும், வற்றிய மூலை அடிப்பிடிக்கும், மூலை பிடித்தால் மொத்தமும் கசக்கும். மட்டம் பார்க்கிற குமிழிக் குழாய் வைத்த ரசமட்டம் இல்லாமல் அப்பா வெளியே போகமாட்டார். போகிற வீட்டில் மேசையில் வைத்துப் பார்ப்பார், ஜன்னலில் வைத்துப் பார்ப்பார். அவருக்குப் பின்னால் எல்லாரும் அவரை ‘ரசமட்டம்’ என்றே சொல்வார்கள். அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் பெருமைதான்.

பின்கட்டுக் கொட்டகையில் அம்மாவுக்காக அடித்த கொப்பரை இருந்தது. அம்மா காய்ச்சுகிறவள். வருஷத்தில் மூன்று வாரம் மரங்களில் சாறு இறங்கும்; அந்த மூன்று வாரமும் அவள் அடுப்பை விட்டு நகரமாட்டாள். அப்பா அந்த நாட்களில் பட்டறையை விட்டு நகரமாட்டார். கொப்பரை விற்கிற காலமும் அதுதானே.

“முத வருஷம்… மூணு தடவ பிடிச்சுது,” என்றாள் அம்மா. “பொகபோக்கி பக்க மூலைல. நான் சொல்லிட்டேன், கொப்பரை சாஞ்சிருக்குன்னு. வாயி சும்மா இருக்கல. வாங்க வந்தவங்க முன்னாடியே சொல்லிட்டேன்.”

“அய்யோ.”

“மறுநாள் காலைல எல்லாரையும் நிக்க வெச்சு ரசமட்டத்த வெச்சாரு. குமிழி நட்ட நடுவுல. ‘ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்’னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.” மூச்சு வாங்கினாள். “ஆனா அவரு ரெண்டு நாளு சாப்பிடல.”

அம்மா கண்ணை மூடினாள். முடிந்துவிட்டது என்று மகள் நினைத்தபோது மறுபடி திறந்தாள்.

“ஆறிக் கெடக்கறப்போ மட்டம்தான். அவரு ஆறினப்புறம் பாக்கறாரு. நான் கொதிக்கறப்போ பாக்கறேன். அடுப்புக் கதவு பக்கம் தீ ஜாஸ்தி. கொப்பரையத் தாங்கற சட்டம் அங்க சூட்டுல தொய்யுது. அணைஞ்சா நிமிந்துக்குது.”

“அதுக்கு?”

“ஸ்பூன தட்டிச் சப்பையாக்கினேன். ஆவி கெளம்பினதும் கதவு பக்க மூலைக்கடியில சொருகுவேன். ஆறினதும் எடுத்துருவேன். அடுப்புல மூணாவது வரி… கடைசிச் செங்கல். ஆடும்.” விரல்கள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தன, பிடியில் பலமே இல்லை. “அவர்கிட்ட சொல்லாத. பாவம். கொப்பரய கையால தூக்காத, பாரய…”

கதவு திறந்தது. அப்பா நின்றார், கையில் தகடு வெட்டும் கத்திரியோடு. எதற்கு அதை எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை போல.

அம்மா அவரைப் பார்த்தாள். “தொட்டி நெறஞ்சிருக்கு,” என்றாள், தெளிவாக. “புளிச்சிடப் போகுது.”

“நான் பாத்துக்கறேன்.”

காலை பத்தரை மணிக்கு அம்மா இறந்தாள். முந்தின நாள் மாலை அடுப்படியில் மயங்கி விழுந்தவளை, நெஞ்சில் பாதிதான் வேலை செய்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் திருப்பி அனுப்பியிருந்தார். ஆகவே இது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் மகள் அந்த ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த வாய்க்குக் காத்திருப்பவளைப் போல ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

சித்தப்பா ஓடிவந்தார். அவரும் எதிர்வீட்டு டீச்சரும் சேர்ந்து கட்டிலை முன்னறைக்கு இழுத்தார்கள். மகளின் அண்ணன் வெளியூரிலிருந்து வந்து சேர மறுநாள் ஆகும். அதுவரை வைத்திருப்பது என்று முடிவாயிற்று. டீச்சர் அம்மாவின் முகத்தைத் துடைத்துத் தலையை வாரிவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று விலகி நின்றபோது அப்பா வந்தார். கட்டில் சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்தார்.

அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

“சாஞ்சிருக்கு,” என்றார் அப்பா.

நாள்காட்டியின் பின் அட்டையைக் கிழித்தார். நாலாக மடித்தார். போதவில்லை, எட்டாக மடித்தார். சித்தப்பா கட்டிலை ஒரு முனையில் தூக்க, அப்பா குனிந்து அதன் காலுக்கடியில் அட்டையை வைத்தார். மறுபடி மட்டம் பார்த்தார். பிறகுதான் அவர் முகம் உடைந்தது. சத்தமில்லாமல் அழுதார். மகளுக்கு அம்மாவிடம் ஓடிப்போய் இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்வதற்கு அம்மா அங்கேயே படுத்திருந்தாள்.

மதியம் சித்தப்பா பின்கட்டுக்குப் போய்விட்டு வந்தார்.

“தொட்டி முழுக்க சாறு இருக்குண்ணே. ரெண்டு நாள் சாறு. மூடியத் தூக்கினாலே லேசா வாட வருது. தொறந்து விட்றட்டுமா?”

“காய்ச்சணும்,” என்றார் அப்பா.

“இன்னைக்கா? வந்தவங்க என்ன நினைப்பாங்க?”

“ஊர் வாய மூட உலைமூடி கிடையாது. அவ கடைசியா சொன்னது அதத்தான்.” மகளைப் பார்த்தார். “நீ கூட வா. எனக்கு அடுப்பு பழக்கமில்ல.”

கொப்பரை அடிக்கத் தெரிந்த மனிதருக்கு அதில் காய்ச்சத் தெரியாது என்பதை அப்பா அன்றுதான் முதல்முறையாக வெளியில் சொன்னார். மகளுக்கு அம்மா மேல் கோபமாகக்கூட வந்தது. இருபத்திரண்டு வருஷம் மறைத்த முழுப் பூசணிக்காயை ஒரே நாளில் இவள் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பள்ளிக்கூட நாட்களில் மகளும் அம்மாவுக்கு ஒத்தாசை செய்திருக்கிறாள். தீ மூட்டத் தெரியும், நுரை எடுக்கத் தெரியும், தொட்டிக் குழாயை எவ்வளவு திறக்க வேண்டும் என்று தெரியும். கொப்பரையில் முதல் ஆவி கிளம்புகிற நேரம் பார்த்து அம்மா ஒவ்வொரு நாளும், “ஜல்லிக்கரண்டிய உள்ளயே விட்டுட்டேன், ஓடிப்போய் எடுத்துட்டு வா” என்பாள். அம்மாவுக்கு ஞாபக மறதி என்று நினைத்திருந்தாள். விறகை அடுக்கும்போது, அப்பா தீப்பெட்டி தேடிய நேரத்தில், மூன்றாவது வரியின் கடைசிச் செங்கல்லை அசைத்தாள். ஆடியது. உள்ளே விரலை விட்டாள். ஸ்பூன் இருந்தது. அதன் குழி, பிடி எல்லாம் தட்டையாகி, நாக்கு மாதிரி மெல்லியதாக ஆகியிருந்தது. மடியில் செருகிக்கொண்டாள்.

தீ பிடித்தது. சாறு தண்ணீர் மாதிரிதான் இருந்தது, நிறமே இல்லாமல். அரைமணி நேரத்தில் ஓரங்களில் ஊசி ஊசியாகக் குமிழிகள் வந்தன. பிறகு முதல் ஆவி.

“அப்பா, ஜல்லிக்கரண்டி உள்ள இருக்கு. போய் எடுத்துட்டு வாங்களேன்.”

“இதோ தொங்குதே,” என்று அப்பா அவள் தலைக்கு மேலே ஆணியைக் காட்டினார்.

அம்மாவுக்கு வாய்த்த வேலையாள் மாதிரி இவளுக்கு வாய்க்கவில்லை.

“முன்னால யாரோ வந்திருக்காங்க போல. பாருங்க.”

“தம்பி இருக்கான்.” அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொப்பரையைப் பார்த்தபடி நின்றார். ஒவ்வொரு தடுப்பாகச் சாறு திரும்புவதை, தடுப்பு முனைகளில் நுரை ஒதுங்குவதை, சின்னக் குழந்தை ஓடுவதைப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். “நல்லாத்தான் ஓடுது, இல்ல?” என்றார். “நான் இத இப்படிப் பாத்ததே இல்ல.”

நல்லாத்தான் ஓடியது. ஆனால் மகளின் கண் புகைபோக்கிப் பக்க மூலையில் இருந்தது. அங்கே சாறு ஒன்றரை விரல் ஆகியிருந்தது.

நல்லவேளையாக சித்தப்பா வாசலிலிருந்து கூப்பிட்டார். வண்டிக்காரர் வந்திருந்தார், நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார். அப்பா போனார். மகள் கடப்பாரையை எடுத்துக் கதவுப் பக்க மூலையில் கொடுத்து நெம்பினாள். கொப்பரை அசையவில்லை. இன்னொரு தடவை, உடம்பு முழுவதையும் போட்டு நெம்பினாள். ஒரு மயிரிழை எழும்பியது. ஆனால் இரண்டு கையும் பாரையில் இருந்தன. ஸ்பூனை எந்தக் கையால் செருகுவது? ஒரு கையை எடுத்து மடியிலிருந்த ஸ்பூனை உருவினாள். பாரை நழுவியது, சாறு தளும்பி அடுப்பில் கொட்டிச் சீறியது, ஸ்பூன் சுடு கல்மேல் விழுந்தது. அம்மா அவளைவிட ஒரு சாண் குள்ளம். எப்படித்தான் செய்தாளோ.

செருப்புச் சத்தம் கேட்டது. மகள் ஸ்பூனைப் பொறுக்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். சுட்டது. விடவில்லை.

“என்ன சத்தம்?”

“ஒண்ணுமில்லப்பா. வெறகு.”

அப்பா மூக்கைத் தூக்கினார். அவளுக்கும் வந்தது அந்த வாடை. முதலில் இனிப்பாக, வறுத்த மாதிரி. அடுத்த நொடியில் கசப்பாக. மூலையில் தகட்டின் மேல் பழுப்பாக ஒரு திட்டு படர்ந்துகொண்டிருந்தது. அம்மா துளை போட்ட மரங்களிலிருந்து அம்மா வடித்த கடைசிச் சாறு அது. இனி அவள் வடித்து ஒரு சொட்டும் வராது. மகள் குவளையால் தொட்டியிலிருந்து பச்சைச் சாற்றை அள்ளி அள்ளி அந்த மூலையில் ஊற்றினாள். திட்டு பரவாமல் நின்றது. எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாது.

அப்பா ரசமட்டத்தை எடுத்துக் கொப்பரை விளிம்பில் வைத்தார். ஆவியில் அவர் கை சிவந்தது. குமிழி நடுவில் இல்லை. ஒரு ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் அதை எடுத்துத் திருப்பி வைத்தார். இந்த முறை மறு ஓரத்துக்குப் போனது.

“காலைல பாத்தேன்,” என்றார். “நீ தீ மூட்டறதுக்கு முன்னாடிகூடப் பாத்தேன். மட்டமா இருந்துச்சு.”

மகள் குவளையால் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சொல்லாதே என்றுதான் அம்மா சொன்னாள். சொல்லாவிட்டால் சாறு போகும். சொன்னால் என்ன போகும் என்று அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து ஏற்கனவே எல்லாம் போயிருந்த முகம் அது. இதற்கு மேல் ஒன்றைத் தூக்கி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் கையை நீட்டி விரித்தாள்.

உள்ளங்கையில் நீளமாகச் சிவந்திருந்தது. அதன் மேல் ஸ்பூன்.

“என்ன இது?”

“ஸ்பூன்ப்பா. ஆறாவது.”

அப்பா அதை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தார். தகட்டின் கனம் பார்க்கிறபோது அப்படித்தான் பிடிப்பார். “ரெண்டே முக்கால் மில்லி,” என்றார், யாரும் கேட்காமலே. பிறகு கதவுப் பக்க மூலையைப் பார்த்தார். சட்டத்தைப் பார்த்தார். தீயைப் பார்த்தார். அவள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தொழில்காரர் அவர்.

“எப்பலேர்ந்து?”

“மொத வருஷத்துலேர்ந்து. தெனமும் ஆறினதும் எடுத்து, அடுப்புல மூணாவது வரி கடைசிச் செங்கல்லுக்குப் பின்னால ஒளிச்சுருவாங்களாம்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க ரெண்டு நாள் சாப்பிடலையாம்.”

அப்பா ஸ்பூனைத் திருப்பிப் பார்த்தார். அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

“மூணு நாள்,” என்றார்.

அதற்குப் பிறகு வேகம் வந்தது அவருக்கு. கடப்பாரையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் கனமான முனை பளபளவென்று தேய்ந்திருந்தது. கை படுகிற இடம் அல்ல அது. விறகுக் குவியலின் ஓரத்தில் பள்ளம் விழுந்த ஒரு மரக்கட்டை கிடந்தது. மகள் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், உட்காரக்கூட உட்கார்ந்திருக்கிறாள். அப்பா அதை உருட்டிக் கொண்டுவந்து அடுப்புக்கு முன்னால் வைத்தார். பாரையைப் பள்ளத்தில் கிடத்தினார். சரியாக உட்கார்ந்தது.

“தூக்கல,” என்றார். “மிதிச்சிருக்கா. குதிகால் பட்டுத்தான் இப்படித் தேஞ்சிருக்கு.”

பாரையின் முனையில் குதிகாலை வைத்து மெல்ல மிதித்தார். கட்டிலளவு கொப்பரையின் மூலை, கொதிக்கிற சாற்றோடு, ஒரு சொட்டுத் தளும்பாமல் எழும்பியது. அவருடைய இரண்டு கைகளும் சும்மா இருந்தன. குனிந்து ஸ்பூனைச் செருகினார். காலை எடுத்தார்.

சாறு நகர்ந்தது. புகைபோக்கி மூலையில் ஏறி, பழுப்புத் திட்டை மூடி, இரண்டு விரல் நின்றது. ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்தது.

“கூடம் கோணல்தான்,” என்றார் அப்பா.

கொட்டகைக் கதவோரம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சித்தப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“அப்போ நான் எடுக்கலண்ணே,” என்றார்.

அப்பா திரும்பிப் பார்த்தார். சித்தப்பா பழக்க தோஷத்தில் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டிக்கொண்டு நின்றார். மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; அழுகையாகத்தான் வந்தது. சித்தப்பா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்பா அங்கிருந்து நகராமல் ஜல்லிக்கரண்டியால் நுரையை ஒதுக்கினார். அவருக்கு அது தெரியவில்லை. நுரையைவிட அதிகமாகச் சாற்றையே அள்ளினார். கொஞ்ச நேரத்தில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கரண்டியை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று காட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் தொட்டி காலியானது. கடைசித் தடுப்பில் சாறு பொன்னிறமாகிக் கரண்டியிலிருந்து சொட்டாமல் தகடு மாதிரி இறங்கியபோது மகள் கொப்பரையின் திருகுக் குழாயைத் திறந்துவிட்டாள். இரண்டு டின் பாகு வந்தது. முதல் டின்னில் லேசாகக் கசப்பு இருந்தது, தெரிந்தவர்களுக்குத் தெரிகிற அளவு. அப்பா விரலால் தொட்டு இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். கசந்த டின்னைத் தனியே எடுத்து வைத்தார். அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றார்.

முன்னறையில் கூட்டம் குறைந்திருந்தது. டீச்சர் அம்மாவின் பக்கத்தில் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார். கட்டில் ஆடாமல் நின்றது.

கொட்டகையில் தணல் சாம்பலாகிக்கொண்டிருந்தது. கொப்பரையைக் கழுவிவிட்டார்கள், ஈரத் தகடு ஆற ஆற எங்கேயோ டக் டக்கென்று சத்தம் போட்டது. சட்டம் நிமிர்கிறது என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

“அண்ணே, அந்த ஸ்பூன அங்கேயே வெல்டு வெச்சு நிறுத்திரலாமே,” என்றார் சித்தப்பா. “இல்லன்னா சட்டத்த மாத்திரு. உனக்கு அரைமணி நேர வேலை.”

அப்பா உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்து, ஆறிவிட்டதா என்று பார்த்தார். கட்டையை உருட்டி வந்தார். பாரையை வைத்துக் குதிகாலால் மிதித்து ஸ்பூனை எடுத்தார். சட்டை நுனியால் அதன் கரியைத் துடைத்தார், இரண்டு பக்கமும். உள்ளே கொண்டுபோய் மற்ற ஐந்தோடு வைக்கப் போகிறார் என்று மகள் நினைத்தாள்.

அவர் அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று செங்கல் வரியை விரலால் எண்ணிக் கடைசிக் கல்லை அசைத்தார். ஸ்பூனை உள்ளே தள்ளினார். கல்லைப் பொருத்தி உள்ளங்கையால் அழுத்தினார்.

கல் கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் நின்றது. அப்பா எழுந்து, ரசமட்டத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போனார்.